சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி

 

மூன்று மாதமாக வாத்தியார் பதிவு எதையும் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இன்று எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. கடைசி பெஞ்சுக்காரர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருகைப் பதிவேடு என் கையில் இல்லை.

கோடை விடுமுறையில் கோவையில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு 14 வயது. பழைய மவுண்டன் பைக் ஒன்றை யாரிடமோ வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறான். முன்னால் ஸ்பிரிங் வைத்த போர்க், டிஸ்க் பிரேக், தடித்த டயர். ஒருநாள் முன்சக்கரம் பஞ்சர். "கடைக்கு எதுக்குப்பா? தாத்தா இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளி விட்டால் எனக்கு அந்தக் கடைதான். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைப்பது எல்லாம் பத்து வயதிலேயே பழகிவிட்டது. அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. பேரன் வண்டியில் நட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் சின்ன நெம்புகோல் ஒன்று இருந்தது. அதை மடக்கிவிட்டதும் சக்கரம் கழன்று வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, அந்த நெம்புகோலைப் பிடித்து வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, கை வலிக்கும்வரை இறுக்கினேன். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, வீட்டருகே உள்ள சரிவில் இறங்கும்போது பேரன் முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறான். சக்கரம் இடப்பக்கம் மட்டும் கீழே நழுவி, டயர் போர்க் காலில் சிக்கி நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. ஹாண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. இடது காரை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டான்.

வண்டியைச் சரிசெய்ய வந்த பையன் அந்த நெம்புகோலைப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க நட்டு மாதிரி திருகினது?" என்று கேட்டான். நான் அங்கேதான் நின்றிருந்தேன். பேரன் முந்திக்கொண்டு, "நான்தான் சரியாப் பாக்கலை அண்ணா" என்றான். அந்தப் பொய் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

பிறகு கட்டுப்போட்ட கையோடு அவன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, இதை எடுத்துட்டு த்ரூ ஆக்சில் போட்டா சக்கரம் கழலவே கழலாதாம். வண்டியும் விறைப்பா நிக்குமாம், திருப்பத்துல ஆட்டம் இருக்காதாம். மாத்திடலாமா?" எனக்கு அந்தச் சொல்லே புதிது. தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அச்சு வேறு, கடையாணி வேறு. சக்கரத்தின் நடுவே குறுக்காகப் போவது அச்சு. மாட்டுவண்டியில் சக்கரம் அச்சைவிட்டு வெளியே வராமல் முனையில் செருகுவது கடையாணி. இந்த இரண்டு வேலையையும், அதாவது தாங்குவதையும் தப்பவிடாமல் பிடிப்பதையும், ஒரே பொருள் செய்ய வேண்டுமா, இரண்டு பொருள் செய்ய வேண்டுமா என்பதுதான் சைக்கிள் அச்சின் 150 வருடக் கதை என்று எனக்குத் தோன்றுகிறது.

1869-இல் பாரீசைச் சேர்ந்த ஜூல் சுரிரே என்ற சைக்கிள் மெக்கானிக், அச்சைச் சுற்றி இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்க் கடைகளில் சொல்லும் பால்ரஸ்தான். அதே வருடம் நவம்பர் 7-ஆம் தேதி பாரீசிலிருந்து ருவான் நகர் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் அந்தக் குண்டு வைத்த வண்டியில் ஏறி, 10 மணி 40 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இன்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அந்த வேகத்தைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள். ஆனால் மரச்சட்டத்துக்கு இரும்புப் பட்டை கட்டிய சக்கரங்களும் கரடுமுரடான சாலைகளும் இருந்த காலம் அது.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி வந்தது. இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் ஓட்டும் சைக்கிள். காற்றடைத்த டயர் வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் கூடவே வந்தது: பஞ்சர். சக்கரத்தை அடிக்கடி கழற்ற வேண்டிய தேவை அதோடு தொடங்குகிறது.

அப்பா கடை வண்டிகளில் அச்சு முழுக்கம்பி. இரண்டு முனையிலும் மரை. கோன், வாஷர், கடைசியில் நட்டு. ஸ்பேனரை வைத்து உடம்பைக் கொடுத்து இறுக்கினால் ஜென்மத்துக்கும் அசையாது. குறை ஒன்றுதான், ஸ்பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. நடுவழியில் பஞ்சரானால் தள்ளிக்கொண்டே வரவேண்டியதுதான்.

ஐரோப்பாவின் பந்தயக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர்கள் அறுகோண நட்டுக்குப் பதிலாக, இரண்டு பக்கமும் காது வைத்த நட்டைப் போட்டார்கள். பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், விரலாலேயே திருகலாம். அவர்களுக்குப் பஞ்சர் மட்டுமல்ல, இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைய பந்தய வண்டியின் பின்சக்கரத்தில் ஒரு பக்கம் சிறிய பல்சக்கரம், மறுபக்கம் பெரிய பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்துக்கு வந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். மேலே போனதும் மறுபடி இறங்கித் திருப்பி மாட்டுவார்கள். கியர் மாற்றுவது என்றால் அன்று இதுதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் எல்லோரும் செயின் தாவும் கியரைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 1937-இல்தான்.

இங்கேதான் இத்தாலிக்காரர் துல்லியோ கம்பஞோலோ வருகிறார். வட இத்தாலியின் விசென்சா நகரத்துக்காரர், பந்தய வீரர். 1927 நவம்பரில் ஒரு பந்தயம். குரோச்சே தாவுனே என்ற மலைக்கணவாயில் ஏறுகிறார்கள். பனி கொட்டுகிறது. சக்கரத்தைத் திருப்பி மாட்ட இறங்கினார், விரல்கள் மரத்துப்போய் காது நட்டைத் திருக முடியவில்லை. கூடவந்தவர்கள் கடந்து போகிறார்கள். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் ஒரே வீச்சில் திறந்து மூடும் நெம்புகோல் என்பது அவருடைய கம்பெனி தலைமுறைகளாகச் சொல்லும் கதை. அந்தக் கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது.

நான் வரலாறு பாடமும் எடுத்தவன். இவ்வளவு அழகாக ஒரு கதை இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். சைக்கிள் வரலாற்றை ஆராய்கிறவர்களிலும் சிலர் இந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை. இருக்கட்டும். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்ததா என்று நாம் கேட்கிறோமா? 1933-இல் கம்பஞோலோ கம்பெனி தொடங்கியதும், இந்த நெம்புகோலைப் பந்தய உலகம் முழுவதும் பரப்பியது அந்தக் கம்பெனிதான் என்பதும் உறுதி.

அதன் அமைப்பை நிதானமாகக் கவனியுங்கள், நான் தவறு செய்த இடம் இதுதான். அச்சை உள்ளே குடைந்து குழாயாக்கிவிட்டார்கள். அதற்குள் சுமார் 5 மி.மீ. கனமுள்ள மெல்லிய கம்பி ஒன்று நுழைந்து மறுபக்கம் போகிறது. அந்தப் பக்கம் ஒரு சிறு நட்டு. இந்தப் பக்கம் நெம்புகோல். நெம்புகோலின் அடியில் ஒரு கேம் இருக்கிறது, அதாவது மையம் தள்ளிவைத்த வட்டம். நெம்புகோலை மடக்கும்போது அந்தக் கேம் சுழன்று கம்பியை இழுக்கிறது. கம்பி இழுபட்டு, இரண்டு பக்கமும் போர்க்கின் முனைகளைச் சக்கரத்தோடு சேர்த்துக் கவ்விப்பிடிக்கிறது. நட்டைக் கையால் திருகிக் கிடைக்கும் பிடியைவிட, கேம் தரும் பிடி பல மடங்கு. கிணற்று நீர் இறைக்கும் ஏற்றம் மாதிரி, குறைந்த பலத்தில் அதிக வேலை.

ஆகவே நெம்புகோலைத் திருகவே கூடாது, மடக்க வேண்டும். மறுபக்க நட்டைத் திருகி அளவை வைத்துக்கொண்டு, நெம்புகோல் அச்சுக்கு நேராக நீட்டி நிற்கும் இடத்தில் எதிர்ப்புத் தெரிய ஆரம்பிக்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் அழுத்தி மூட வேண்டும். மூடியபின் உள்ளங்கையில் தடம் பதிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கம்பஞோலோ எதை ஒழிக்க இதைக் கொண்டுவந்தாரோ, அந்தக் காது நட்டாகவே அவருடைய கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினேன். கேம் திறந்தே கிடந்தது. மூன்று நாள் அதிர்விலேயே பிடி தளர்ந்துவிட்டது.

சரி, மலைக்கு வருவோம். இத்தாலி மலை இல்லை, கலிபோர்னியா மலை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், உலகப் போருக்கு முந்தைய தடித்த டயர் ஷ்வின் வண்டிகளைப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப்பிடித்து, மலைப்பாதையில் உருட்டிவிட்டு இறங்குவதையே விளையாட்டாக வைத்திருந்தார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். ஏற்பாட்டாளர் சார்லி கெல்லி. சுமார் 400 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர் இறக்கம். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கரக் கொட்டுக்கு உள்ளேயே இருக்கும். ஒருமுறை இறங்கினால் உள்ளிருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை. மறுபடி அடைப்பது என்ற பொருளில் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர். கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ், டாம் ரிச்சி போன்றவர்கள் இந்த விளையாட்டுக்கென்றே சட்டம் கட்ட ஆரம்பித்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர், கடையில் போய் வாங்கக்கூடிய வண்டியாக வந்தது.

எங்களைப் போலவே தரித்திரத்தில் வண்டியோடு மல்லுக்கட்டிய பையன்கள்தான் அவர்களும் என்று படிக்கும்போது எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

ஆனால் மலைக்கென்று பிறந்த இந்த வண்டி, அச்சை மட்டும் சாலைப் பந்தய வண்டியிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. முன்னால் 9 மி.மீ. குழாய் அச்சு, பின்னால் 10 மி.மீ. நடுவில் அதே மெல்லிய கம்பி, அதே நெம்புகோல். விறைப்பான இரும்புப் போர்க் இருந்தவரை இதில் பெரிய சிக்கல் தெரியவில்லை.

1989-இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஆர்எஸ்-1 வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகத்திலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கிய, அமுங்கி எழும் முன்போர்க். அடுத்த வருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் உலக மவுண்டன் பைக் போட்டி நடந்தபோது, இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்டு இதைப் போட்டுக்கொண்டுதான் ஜெயித்தார். அதன்பின் ஸ்பிரிங் போர்க் இல்லாத மலைவண்டி மதிப்பிழந்தது.

இப்போது ஒரு மூங்கில் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால், நடுவில் படிகள். படியைத் துளையில் இறுக்கமாக அறைந்திருந்தால் ஏணி ஒரே பொருளாக நிற்கும். படியைக் கயிற்றால் கட்டியிருந்தால், ஒரு காலை மேலே தள்ளினால் ஏணி கோணும். ஸ்பிரிங் போர்க்கின் இரண்டு கால்களும் தனித்தனியே அமுங்கக்கூடியவை. அவற்றை ஒன்றாக்குவது மேலே ஒரு வளைவுப் பாலமும் கீழே சக்கரத்தின் அச்சும்தான். அச்சு மெல்லியதாக, வெறும் கவ்வலால் நின்றால், திருப்பத்திலும் கல்லிலும் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் போகும். ஹாண்டில்பார் ஒரு திசை காட்டும், சக்கரம் வேறு திசையில் யோசிக்கும். பேரன் சொன்ன ஆட்டம் இதுதான்.

இதற்கு மோட்டார் சைக்கிளில் எப்போதோ விடை இருந்தது. போர்க் காலின் முனையைத் திறந்த பிளவாக வைக்காமல் முழு வட்டத் துளையாக்கி, தடித்த அச்சை ஒரு காலில் நுழைத்து, சக்கரத்தின் வழியே செலுத்தி, மறுகாலில் மரையில் இறுக்குவது. த்ரூ ஆக்சில் என்பது இவ்வளவுதான். தமிழில் ஊடச்சு என்று சொல்லலாமா? தமிழாசிரியர்கள் திட்டாதீர்கள். 1990-களின் பிற்பகுதியில் இறக்கப் பந்தய வண்டிகளில் 20 மி.மீ. ஊடச்சு வந்துவிட்டது.

எவ்வளவு வித்தியாசம்? இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு உருண்டைக் கம்பி வளையாமல் எதிர்ப்பது அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 9-ஐ நான்கு முறை பெருக்கினால் 6,561. 15-ஐ நான்கு முறை பெருக்கினால் 50,625. ஏறத்தாழ 7.7 மடங்கு. 20-க்கு 1,60,000, அதாவது 24 மடங்குக்கு மேல். இரண்டும் உள்ளே குடைந்த குழாய்கள் என்பதால் துளையின் அளவுக்கு இதில் கொஞ்சம் கழியும். விட்டம் முழுசாக இரட்டிப்பாகக்கூட இல்லை, விறைப்பு ஏழு மடங்கு என்றதும் பேரன் என்னை நம்பவில்லை, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். ஆனால் வண்டியே ஏழு மடங்கு விறைப்பாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். இது அச்சுக்கு மட்டுமான கணக்கு. கம்பிகள், ரிம், டயர், போர்க் கால் எல்லாமும் சேர்ந்துதான் வளைகின்றன. அச்சு கெட்டியானால் அந்தச் சங்கிலியில் மிக மெலிந்த ஒரு கண்ணி கெட்டியாகிறது, அவ்வளவுதான்.

20 மி.மீ. அச்சின் எடை, மேடேறி ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. 2008-இல் ஃபாக்ஸ், ஷிமானோ கம்பெனிகள் சேர்ந்து 15 மி.மீ. என்ற நடுவழியைக் கொண்டுவந்தன. 20 இருக்கும்போது எதற்கு 15 என்று அப்போது பலர் கொதித்தார்கள். கொதித்து என்ன பயன்? கொஞ்ச காலத்தில் ராக்‌ஷாக்ஸும் 15-க்கு வந்து சேர்ந்தது. பின்சக்கரத்துக்கு ஜெர்மனியின் சின்டேஸ் கம்பெனி 12 மி.மீ. ஊடச்சைக் கொண்டுவந்தது. அதன் அகலம் 142 மி.மீ. பழைய 135 எப்படி 142 ஆயிற்று என்றால், சக்கரம் தானாகவே சரியான இடத்தில் உட்கார சட்டத்தின் உட்புறம் இரண்டு பக்கமும் மூன்றரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வைத்தார்கள். கொட்டின் முனை அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். கவனித்தீர்களா, உள்ளே இருக்கும் சக்கரத்தின் அகலம் மாறவே இல்லை.

விறைப்பு ஒரு பக்கம் இருக்க, எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. டிஸ்க் பிரேக்.

முன்சக்கரத்தின் இடப்பக்கம் தட்டு. அதைக் கவ்வும் இடுக்கி, போர்க் காலின் பின்புறம். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, அச்சுக்குப் பின்னால் இருக்கும் தட்டின் பகுதி மேல்நோக்கிப் போகும். இடுக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது, அதாவது கீழ்நோக்கித் தள்ளுகிறது. பழைய போர்க்கில் பிளவின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? கீழ்நோக்கி. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அச்சைக் கழற்றி எறியும் திசையிலேயே விசை. ஜேம்ஸ் அன்னன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 2003-இல் இதை எடுத்துச்சொன்னபோது சைக்கிள் உலகில் பெரிய விவாதமே நடந்தது. ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக்கில் இந்தக் கீழ்நோக்கிய தள்ளல் இல்லை. ஆக, 1930-களின் பிடிமானத்தையும் 1990-களின் பிரேக்கையும் ஒரே போர்க்கில் பொருத்தியபோது, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. பேரன் வண்டியில் இடப்பக்கம் மட்டும் ஏன் நழுவியது என்று எனக்கு விளங்கியது இதைப் படித்த அன்றுதான். தட்டு இருப்பது இடப்பக்கம்.

சக்கரம் முழுசாகக் கழன்று ஓடவில்லை. அதற்குக் காரணம், போர்க் முனையில் இருக்கும் ஒரு சின்ன விளிம்பு. நெம்புகோல் தளர்ந்தாலும் நட்டு அந்த விளிம்பில் தட்டி நிற்கும். அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து கம்பெனிகள் வைத்தது என்பதால் அங்கே அதை வக்கீல் உதடு என்று கேலி செய்வார்கள். எரிச்சலில் அரத்தால் ராவி எடுத்துவிடுகிறவர்களும் உண்டாம். அந்த வக்கீலுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

2015 ஏப்ரலில் ட்ரெக் கம்பெனி, டிஸ்க் பிரேக்கும் இந்த நெம்புகோலும் சேர்ந்த தன் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் வண்டிகள். நெம்புகோல் சரியாக மூடப்படாமல் தொங்கினால், அது டிஸ்க் தட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. அதைப் படித்துவிட்டு, சரியாக மூடாத ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று ஒரு நிமிடம் ஆறுதல்பட்டேன். மறுநிமிடம் அந்த ஆறுதலுக்காக வெட்கப்பட்டேன்.

அதற்கு முந்தைய வருடம்தான் ஸ்ராம், ட்ரெக் கம்பெனிகள் சேர்ந்து பூஸ்ட் என்ற அளவைக் கொண்டுவந்திருந்தன. பின்சக்கரம் 148, முன்சக்கரம் 110. 29 அங்குலப் பெரிய சக்கரங்கள் வந்தபின் அவை பக்கவாட்டில் நெளிந்தன. கொட்டின் இரண்டு பக்க விளிம்புகளையும் 3 மி.மீ. வெளியே தள்ளினால் கம்பிகள் இன்னும் சாய்வாக இழுத்துப் பிடிக்கும். சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் நடும்போது, முளைகளைத் தள்ளி அடித்தால் கம்பம் ஆடாது, கிட்டே அடித்தால் ஆடும் என்று உங்களிடம் கத்தியிருக்கிறேனே, அதே தத்துவம்.

இதற்குப் பிறகு 157-இலும் ஒரு அகல அளவு வந்திருக்கிறது. என் கருத்து: 9-லிருந்து 15-க்கு வந்தது நியாயம், திறந்த பிளவை மூடிய துளையாக்கியது பெரிய நியாயம், 142-லிருந்து 148-க்குப் போனதில் பாதி நியாயம், பாதி வியாபாரம். வாங்கி இரண்டு வருடம் ஆன வண்டிக்குப் பொருந்தும் சக்கரம் கடையில் இல்லை என்றால், வாங்குகிறவனுக்குக் கோபம் வராதா?

இப்போது பேரனின் கேள்வி: "மாத்திடலாமா?"

வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முன்னால் 9 மி.மீ. பிளவு, 100 மி.மீ. அகலம். பின்னால் 10 மி.மீ. பிளவு, 135. பிளவு வைத்த போர்க்கில் 15 மி.மீ. அச்சை எந்த மாயத்தாலும் நுழைக்க முடியாது. போர்க்கையே மாற்ற வேண்டும். புதுப் போர்க்குகளின் கழுத்துக்குழாய் பெரும்பாலும் கீழே பருத்தது, இவன் சட்டத்தின் கழுத்தோ நேர்க்குழாய், நுழையாது. நுழைந்தாலும் கொட்டை மாற்ற வேண்டும். நூலைப் பிடித்து இழுத்தால் சேலையே வந்துவிடும் போலிருந்தது. இந்தப் பிளவுகளுக்கே ஏற்றபடி முன்னால் 9, பின்னால் 10 மி.மீ. தடித்த ஊடுபோல்ட்டுகளை டிடி ஸ்விஸ் போன்ற கம்பெனிகள் செய்திருக்கின்றன. 5 மி.மீ. கம்பிக்குப் பதில் பிளவை நிறைத்து உட்காரும் தடித்த போல்ட். சட்டத்தை மாற்றாமலே விறைப்பு கூடும் ஒரே நேர்வழி அது. ஆனால் அதற்கும் முனைகளை மாற்றக்கூடிய கொட்டு வேண்டும். இவன் வண்டியில் இருப்பது சாதாரண கப்பும் கோனும், அச்சு நிலையாகப் பூட்டியது.

கடைசியில் மாற்றியது நெம்புகோல் கம்பியை மட்டும்தான். வண்டியோடு வந்தது கேம் வெளியே தெரியும் மலிவு வகை, பிடி குறைவு, தூசியும் ஏறும். கேமை உலோக மூடிக்குள் வைத்த பழைய பாணி எஃகுக் கம்பி ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. திருப்பத்தில் வண்டி கொஞ்சம் நெளியத்தான் செய்யும். அடுத்த வண்டி வாங்கும்போது ஊடச்சு வைத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். அதற்கு இப்போதிருந்தே உண்டியல் வைத்திருக்கிறான். என் பென்ஷனிலும் ஒரு கண் வைத்திருக்கிறான்.

வெளிநாட்டிலும் பெருநகரத்திலும் இருக்கிற என் மாணவர்கள் பலர் பிள்ளைகளுக்கு இப்படி வண்டி வாங்கிக்கொடுத்திருப்பதைப் படத்தில் பார்க்கிறேன். இன்று ராத்திரியே போய் முன்சக்கரத்தைப் பாருங்கள். நெம்புகோல் இருந்தால், மடக்கி மூடியிருக்கிறதா, திருகி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலே கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள், அசையக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பேரன் முன்சக்கரத்தைத் தானே மாட்டினான். நெம்புகோலை மூடிவிட்டு உள்ளங்கையை என்னிடம் நீட்டிக் காட்டினான், சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. பிறகு அதை மறுபடி திறந்துவிட்டு, "இப்ப நீங்க பண்ணுங்க தாத்தா" என்றான். செய்தேன். கிட்டே குனிந்து பார்த்தான். "இன்னும் அரைச் சுத்து நட்டு வைக்கணும், மறுபடி பண்ணுங்க" என்றான். மறுபடியும் செய்தேன்.